நுடெல்லா ஃபெரேரோவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும், எந்த முடிவை எடுத்துக்கொள்வது?

தேன்மிட்டாய்

எல்லோருக்கும் வணக்கம். எம்பிஏ முதல் வருஷம் படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் ஆளுக்கொரு கம்பெனித் தலைவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும். "பிறந்தார், வளர்ந்தார், விருது வாங்கினார் என்று வாசிக்கக் கூடாது, அவர் எடுத்த ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஆளைக் காட்டு" என்று பேராசிரியை சொல்லிவிட்டார், அதுதான் சிக்கல்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போன் கம்பெனிக்காரர்களையும் கார் கம்பெனிக்காரர்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் மிட்டாய் பக்கம் போகலாம் என்று மிகேலே ஃபெரேரோ பெயரைக் கொடுத்துவிட்டேன். ரொட்டியில் தடவும் நுடெல்லா, கிண்டர் ஜாய், சின்ன டப்பாவில் வரும் டிக் டாக் மிட்டாய், தங்கக் காகிதம் சுற்றிய ஃபெரேரோ ரோஷே எல்லாம் ஒரே ஆள் காலத்தில் வந்தவை என்பதே எனக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் தெரியும்.

இப்போது மாட்டிக்கொண்டேன். மனுஷர் பத்திரிகைக்காரர்களிடம் வாயே திறந்ததில்லை போல. கிடைப்பதெல்லாம் வருஷப் பட்டியல்தான். 1925இல் பிறந்தார், 2015இல் இறந்தார், இத்தாலியின் பெரிய பணக்காரர், எப்போதும் கறுப்புக் கண்ணாடி. இதை வைத்து இரண்டு நிமிஷம் ஓட்டலாம், பத்து நிமிஷம் முடியாது.

இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. ஹேசல்நட் என்ற கொட்டையை அரைத்த விழுதை முதலில் செய்தது அவர் அப்பா. விற்பனையை வளர்த்தது சித்தப்பா. அப்படியானால் இவர் என்னதான் செய்தார்? அப்பன் போட்ட பந்தலில் உட்கார்ந்தவர்தானா? யாராவது கேட்டால் பதில் வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

பழையபேப்பர்

அப்பா விட்டுப்போனது எது, மகன் செய்தது எது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் உறுத்தல் தீர்ந்துவிடும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஆல்பா. இத்தாலியின் வடமேற்கில் பியமோந்தே பகுதி, அதில் லாங்கே என்ற மலைச்சரிவுகள். திராட்சையும் ஹேசல்நட்டும் விளையும் மண், மற்றபடி அந்தக் காலத்தில் ஏழை விவசாயிகளின் பூமி. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் கொக்கோ கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலை எட்டாது. அப்பா பியெத்ரோ இனிப்புக்கடைக்காரர். கொக்கோவைக் குறைத்து உள்ளூர் ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்து 1946இல் ஒரு கட்டி செய்தார், பெயர் ஜாந்துயோத். காகிதத்தில் சுற்றிய ரொட்டி மாதிரி இருக்கும், கத்தியால் சீவி ரொட்டியில் வைத்துத் தின்ன வேண்டும். பிள்ளைகள் இனிப்பை மட்டும் தின்றுவிட்டு ரொட்டியைத் தூக்கிப் போட்டார்களாம். (கொக்கோவோடு ஹேசல்நட் கலப்பது அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. நெப்போலியன் காலத்துத் தடையில் கொக்கோ வராமல் போனபோதே டூரின் நகரத்து ஆட்கள் ஆரம்பித்தது என்று சொல்வார்கள்.)

அப்பா 1949இல் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது மிகேலேவுக்கு 23 வயது. சித்தப்பா ஜியோவான்னிதான் சின்ன வண்டிகளில் சரக்கை ஏற்றி நேராகக் கடைகளுக்கே அனுப்பும் ஏற்பாட்டை உண்டாக்கியவர். நடுவில் மொத்த வியாபாரி கிடையாது. அவரும் 1957இல் போனார். 32 வயதில் முழுப்பொறுப்பும் மிகேலே தலையில் விழுந்தது.

ஆக அவர் கைக்கு வந்தது ஒரு நல்ல பண்டம், ஒரு நல்ல விற்பனைப் படை, ஒரு சின்ன ஊர். இதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள்ளேயே சுகமாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பொறுப்பு முழுசாக வருவதற்கு முன்பே, 1956இல், ஜெர்மனியில் அல்லெண்டார்ஃப் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டாயிற்று. போர்க்காலத்தில் வெடிமருந்து தயாரித்த ஊர் அது. தோற்ற நாடு, சண்டை முடிந்து பதினோரு வருஷம்தான் ஆகிறது, அங்கே போய் ஓர் இத்தாலியக் கம்பெனி மிட்டாய் விற்கிறது. விற்றது மோன் ஷெரி, மதுவில் ஊறிய செர்ரிப் பழத்தைச் சுற்றிக் கறுப்புச் சாக்லெட். பெட்டி வாங்கக் காசில்லாதவரும் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி விற்றார்கள். கஷ்டத்தில் இருக்கும் ஊரில் சின்ன ஆடம்பரம் ஓடும் என்று கணக்குப் போட்ட ஆள்.

நுடெல்லா கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவின் கட்டி 1951இல் தடவுகிற பதத்துக்கு மாறி 'சூப்பர்க்ரேமா' என்று வந்தது. பண்டங்களின் பெயரில் 'சூப்பர்' மாதிரி மிகைப்படுத்தும் சொல் கூடாது என்று 1962இல் இத்தாலியில் சட்டம் வந்துவிட்டது. சரி, பெயரை மாற்றத்தானே வேண்டும், வேறு எதையெல்லாம் மாற்றலாம் என்று உட்கார்ந்தார். பதத்தைத் திருத்தி, எந்த நாட்டுக்காரர் வாயிலும் நுழைகிற பெயரைத் தேடி, 1964 ஏப்ரல் 20 அன்று முதல் பாட்டில் ஆல்பாவிலிருந்து வெளியே வந்தது. ஆங்கிலக் கொட்டைக்கு இத்தாலிய வால். அவருக்கு அப்போது 39 முடிய ஆறு நாள் பாக்கி. அதே வருஷம் செப்டம்பரில் அவருடைய இளைய மகன் ஜியோவான்னி பிறந்தார்.

ஆனால் ஒரே முடிவு என்று கேட்டால் நான் முட்டையைத்தான் எடுப்பேன். இத்தாலியில் ஈஸ்டருக்குச் சாக்லெட் முட்டை வாங்குவார்கள், உள்ளே ஒரு பொம்மை இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை. ஈஸ்டர் ஏன் வருஷத்துக்கு ஒரு தரம்தான் வர வேண்டும் என்று கேட்டவர் இவர். முட்டை செய்யும் யந்திரத்துக்கு ஆர்டர் போனபோது ஆபீசில் இருந்தவர்கள் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றே நினைத்தார்களாம். 1974இல் கிண்டர் முட்டை வந்தது. வெளியே சாக்லெட், உள்பக்கம் பால் வெள்ளை, நடுவில் மஞ்சள் டப்பா, அதாவது கரு. அதை வடிவமைத்தவர் என்று வில்லியம் சாலிசே என்பவரைச் சொல்வார்கள். அவரோ, யோசனை ஃபெரேரோவுடையது, நான் செய்து கொடுத்தவன் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

---

குறுக்குக்கேள்வி

பழையபேப்பர் சார் எழுதினால் எல்லோரும் மகான் ஆகிவிடுவார்கள்.

1950களில் இத்தாலி எழுந்த வேகத்துக்கு யார் கடை போட்டாலும் ஓடியிருக்கும். ஃப்ரிட்ஜ் விற்றவன் ஓடினான், ஸ்கூட்டர் விற்றவன் ஓடினான், மிட்டாய் விற்றவனும் ஓடினான். அப்பா, சித்தப்பா, தயாரான விற்பனைப் படை, கடன்காரர் தொல்லை இல்லாத குடும்பக் கம்பெனி, இதெல்லாம் கையில் இருக்கும்போது முட்டை யந்திரத்துக்கு ஆர்டர் போடுவது வீரமா? பங்குதாரர்களிடம் பதில் சொல்ல வேண்டிய சம்பளக்காரத் தலைவர் அப்படி ஆர்டர் போட்டிருந்தால் மறுநாள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தேன்மிட்டாய், உங்கள் உறுத்தல் சரியானது. அதையே தலைப்பாக வைத்துப் பேசுங்கள்.

---

இரவுஷிஃப்ட்

நான் சாக்லெட் லைனில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவன், ஃபெரேரோவில் இல்லை, வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். முட்டையும் நுடெல்லாவும் எல்லோரும் சொல்வதுதான். என் கணக்கில் அந்த ஆளைக் காட்டும் முடிவு வேறு. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வெயில் காலம் வந்தால் மோன் ஷெரி, ரோஷே இரண்டும் கடையில் இருக்காது. தீர்ந்துபோய் அல்ல, கம்பெனியே அனுப்புவதை நிறுத்திவிடும். குளிர் ஆரம்பித்த பிறகுதான் திரும்ப வரும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, சாக்லெட் வெயிலில் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். அதில் ஐந்தாவது விதம்தான் நமக்கு வேண்டியது. பளபளப்பு, உடைத்தால் 'டக்' என்ற சத்தம், வாயில் போட்டால் கரைவது எல்லாம் அதில்தான் வரும், உருகுவது கிட்டத்தட்ட 34 டிகிரியில். அந்த விதத்துக்குக் கொண்டுவர, கறுப்புச் சாக்லெட்டை 45 டிகிரி வரை உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றுவோம். லைனில் ஒரு டிகிரி தப்பினால் அந்தத் தட்டு முழுக்கப் போச்சு. இவ்வளவு பாடுபட்டு அனுப்பிய சரக்கு லாரியில் ஒரு மத்தியானம் நின்றால் போதும். உருகும், சாயந்திரம் தானாக உறையும், ஆனால் வேறு விதமாக உறையும். கொழுப்பு மேலே வந்து சாம்பல் பூசின மாதிரி வெள்ளை படியும். நாங்கள் 'பூத்துப்போச்சு' என்போம். பூஞ்சை இல்லை, தின்றால் ஒன்றும் ஆகாது, ஆனால் வாயில் மெழுகு மாதிரி இருக்கும்.

நான் இருந்த இடத்தில் ஒரு தடவை நாற்பது அட்டைப்பெட்டி அப்படித் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் நரைத்த தலை மாதிரி இருக்கிறது. மேலே இருந்தவர் ஒன்றை வாயில் போட்டு மென்றுவிட்டு, "ருசி அப்படியேதானே இருக்கு, சின்னக் கடைகளுக்குத் தள்ளிவிடு" என்றார். தள்ளினோம். அடுத்த மாசம் அந்தக் கடைகளில் பாதி எங்கள் சரக்கை எடுக்கவில்லை.

இப்போது ஃபெரேரோ செய்ததைப் பாருங்கள். மோன் ஷெரியில் உள்ளே மது, வெளி ஓடு மெல்லிசு, வெயிலில் இளகினால் கசிந்துவிடும். ரோஷேயில் உள்ளே மொறுமொறுப்பான வேஃபர் உருண்டை, சாக்லெட் இளகினால் அந்த மொறுமொறுப்புக்கும் கேடு. இதற்கு வழக்கமான வழி, உருகாத மாதிரி மலிவான வேறு கொழுப்பைச் சேர்ப்பது. அதைச் செய்யாமல், மூன்று நான்கு மாதம் விற்பனையே வேண்டாம் என்று விடுவது வேறு புத்தி. காலியான அலமாரியில் எதிரி வந்து உட்காருவான், கடைக்காரன் முனகுவான், விற்பனை ஆட்கள் அழுவார்கள். கணக்குப் பிள்ளை சொல்வதைக் கேட்கிற தலைவர் இதைச் செய்ய மாட்டார்.

வெயிலைச் சமாளிக்கவும் அதே ஆட்கள் வழி கண்டார்கள், அது கிண்டர் ஜாய். சாக்லெட் ஓடே கிடையாது, பிளாஸ்டிக் முட்டை, ஒரு பக்கம் க்ரீம், கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவது, மறுபக்கம் பொம்மை. உருகுகிற பொருளை உருகாததாக்கப் போராடாமல், கரண்டி கொடுத்துவிட்டார்கள். இதை முதலில் பார்த்தபோது எங்கள் லைனில் எல்லோரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம், இவ்வளவு எளிதா என்று.

---

தேன்மிட்டாய்

இரவுஷிஃப்ட் அண்ணா, இது எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி. ஆனால் ஒரு கேள்வி. வெயிலில் நிறுத்துவதும் ஒரு விளம்பர உத்திதானே? "இதோ திரும்ப வந்துவிட்டது" என்று சொன்னால் ஜனங்கள் அடித்துப்பிடித்து வாங்குவார்களே?

---

இரவுஷிஃப்ட்

ஆமாம், ஜெர்மனியில் கோடை விடுமுறை என்று விளம்பரமே செய்கிறார்கள். நஷ்டத்தை லாபமாக்கத் தெரிந்தவர்கள்தான். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. கெட்டுப்போன ரோஷேயை ஒருத்தர் கையில் கொடுக்காமல் இருப்பது முதலில் நடந்தாக வேண்டும், அப்புறம்தான் விளம்பரம்.

---

ஜன்னலோரம்

வலேரியாவைப் பற்றி யாருமே சொல்லவில்லையே.

மிகேலே பொதுவாகப் பேட்டி கொடுக்காதவர்தான், ஆனால் அவர் இறந்த பிறகு இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் அவர் மனம் விட்டுப் பேசிய உரையாடல் வெளியானது. அதில் கம்பெனியின் உண்மையான முதலாளி வலேரியா என்கிறார். வலேரியா என்று யாரும் இல்லை. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அம்மா, பாட்டி, அத்தை எல்லோருக்கும் சேர்த்து அவர் வைத்த பெயர். இன்றைக்கு உன்னை வாங்குகிறாள், நாளைக்கு வேறொன்றைக் கையில் எடுத்தால் நீ காலி, அதனால் அவளைத் துரோகம் செய்யாதே, அவளுக்கு என்ன வேண்டும் என்று கவனித்துக்கொண்டே இரு. இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைகளில் நின்று, யார் எதை எடுக்கிறார்கள், எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று பார்ப்பாராம். முகம் பத்திரிகையில் வராததால் யாருக்கும் அடையாளம் தெரியாது. பேட்டி கொடுக்காததில் இப்படியும் ஒரு வசதி!

கிண்டர் விஷயத்திலும் வலேரியாவின் கைதான். பிள்ளைக்குச் சாக்லெட் வாங்கித் தர அம்மாவுக்கு மனசு உறுத்தும். அதனால் 1968இல் கிண்டர் சாக்லெட்டை 'இதில் பால் நிறைய' என்று ஆரம்பித்தார்கள். பெயரே ஜெர்மன் மொழியில் குழந்தைகள். பண்டம் பிள்ளைக்கு, பேச்சு அம்மாவிடம். இதைக் கெட்டிக்காரத்தனம் என்பதா, கொஞ்சம் கள்ளத்தனம் என்பதா என்று எனக்கே முடிவு இல்லை.

டிக் டாக் 1969. டப்பாவைத் திறந்து மூடும் சத்தம்தான் பெயர். இதில் என்ன மேதைமை என்று கேட்கலாம், ஆனால் பையில் அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் கை நீட்டுகிறாரா இல்லையா?

அப்புறம் அவருடைய பக்தி. லூர்து மாதாவிடம் அப்படி ஓர் ஈடுபாடு. ரோஷே என்றால் பிரெஞ்சில் பாறை, 1982இல் அந்தப் பெயர் வைத்தது லூர்தில் மாதா காட்சி தந்த குகைப்பாறையை நினைத்துத்தான் என்று சொல்வார்கள். தொழிற்சாலைகளில் மாதா சிலை இருக்கும். கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டில், எங்கள் வெற்றிக்குக் காரணம் மாதாதான், நாங்கள் கொஞ்சம் என்கிற மாதிரி பேசியிருக்கிறார். எம்பிஏ வகுப்பில் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

குறுக்குக்கேள்வி

வலேரியாவைத் துரோகம் செய்யாதே என்று சொன்னவரின் கம்பெனி அமெரிக்காவில் என்ன செய்தது? நுடெல்லா பிள்ளைகளுக்குச் சத்தான காலை உணவு என்கிற தொனியில் விளம்பரம் போட்டது. ஒரு வலேரியா கோர்ட்டுக்குப் போனாள். 2012இல் 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். ஐரோப்பாவில் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள், ஹேசல்நட் 13 சதவீதம், கொக்கோ 7.4 சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கு சர்க்கரையும் பாமாயிலும்.

அந்த 13 சதவீதம் எங்கிருந்து வருகிறது? லாங்கே மலைச்சரிவு ஹேசல்நட் எல்லாம் படத்துக்கு அழகு. உலக விளைச்சலில் பெரும்பங்கு துருக்கியின் கருங்கடல் ஓரத்தில். அங்கே ஆகஸ்ட் மாதம் பறிப்புக்கு நாட்டின் தென்கிழக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள், அதில் குர்து மக்கள் உண்டு, சிரியாவிலிருந்து வந்த அகதிகள் உண்டு, பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் உண்டு. இது ஒரு கம்பெனி மட்டும் செய்த பாவம் இல்லைதான், ஆனால் அந்தக் கொட்டையை உலகத்திலேயே அதிகம் வாங்குகிற கை இவர்களுடையது. 2014இல் துருக்கியின் பெரிய ஹேசல்நட் வியாபாரியான ஓல்தானையே வாங்கிவிட்டார்கள். மிகேலே உயிரோடு இருந்த காலம் அது.

இன்னொன்று. ஆல்பா, ஆல்பா என்று உருகுகிறோம். அவர் குடியிருந்தது வருமான வரி இல்லாத மொனாக்கோ நாட்டின் மோன்டே கார்லோ. ஹெலிகாப்டரில் ஆல்பா போய் வருவார். கம்பெனித் தலைமையகம் லக்ஸம்பர்க். மண்ணின் மைந்தர் வரி கட்டும் விஷயத்தில் ஏன் இவ்வளவு தூரம் போனார் என்றும் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் ரோஷே தின்ன மாட்டேன் என்று அர்த்தமில்லை. நேற்றுகூட இரண்டு.

---

பழையபேப்பர்

துருக்கி விஷயத்தில் மறுக்க ஒன்றும் இல்லை. மோன்டே கார்லோவும் உண்மை.

ஆனால் ஆல்பாவைப் படத்துக்கு அழகு என்று தள்ளிவிடாதீர்கள். அந்த மலைக்கிராமங்களிலிருந்து ஆட்களை வேலைக்கு எடுத்தபோது, ஊரைக் காலி செய்துவிட்டு வா என்று சொல்லவில்லை. கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய் ஏற்றிவரும், ஷிஃப்ட் முடிந்தால் இறக்கிவிடும். ஆள் வீட்டுக்குப் போய்த் தன் திராட்சைத் தோட்டத்தைப் பார்ப்பார். மற்ற இடங்களில் எல்லோரும் டூரினுக்குக் கார் தொழிற்சாலை தேடிப் போய்க் கிராமங்கள் வெறிச்சோடிய காலம் அது. 1957இல் பொறுப்பேற்றபோது தொழிலாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நிம்மதியான எதிர்காலத்தை உறுதி செய்யும்வரை எனக்குத் திருப்தி இல்லை என்று. வார்த்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், சரி. 1994 நவம்பரில் தானாரோ ஆறு பெருகித் தொழிற்சாலை சேற்றில் மூழ்கியபோது தொழிலாளர்களே வந்து மண்வெட்டியோடு இறங்கினார்கள். சம்பளத்துக்கு மட்டும் வேலை செய்கிறவன் தன் வீட்டுச் சேற்றை விட்டுவிட்டு அங்கே வருவானா? ஓய்வு பெற்றவர்களுக்காக 1983இல் தொடங்கிய அமைப்பு இன்றும் ஆல்பாவில் நடக்கிறது.

நீங்கள் சொன்ன பங்குதாரர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஆனால் முடிவை நேர் எதிராக எடுக்கிறேன். பங்குச்சந்தைக்குப் போயிருந்தால் முட்டையும் கிடையாது, இரவுஷிஃப்ட் சொன்ன கோடை நிறுத்தமும் கிடையாது. அது தெரிந்துதான் கடைசிவரை போகவில்லை. வேறு மிட்டாய்க் கம்பெனிகளை வாங்கி வளரும் பழக்கமும் அவரிடம் இல்லை. 2009இல் காட்பரி விலைக்கு வந்தபோது யோசிக்கிறோம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது, ஆனால் இறங்கவில்லை, அமெரிக்காவின் கிராஃப்ட் கம்பெனி வாங்கிக்கொண்டு போனது.

மகன் காலத்தில் எல்லாம் மாறியது. 1997இல் பியெத்ரோ, ஜியோவான்னி என்ற இரண்டு மகன்கள் கையிலும் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுத் தலைவராக மட்டும் இருந்தார். தாத்தா பெயரைச் சுமந்த மூத்தவர் பியெத்ரோ 2011 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். 47 வயது. அவருடைய தாத்தாவும் மாரடைப்பில்தான் போனார். கிழவருக்கு அப்போது 86 ஆகப்போகிறது. நான்கு வருஷம் கழித்து, 2015 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று அவரும் போனார். சாக்லெட் அதிகம் விற்கும் நாள்! ஆல்பாவில் இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது.

அதே வருஷம் ஜியோவான்னி இங்கிலாந்தின் தோர்ன்டன்ஸ் என்ற சாக்லெட் கம்பெனியை வாங்கினார். 2018இல் நெஸ்லேயின் அமெரிக்க மிட்டாய்ப் பிரிவு, 280 கோடி டாலர். குடும்பத்துக்கு வெளியே ஒருவரைச் சிஇஓவாக 2017இல் உட்கார வைத்தார். அப்பா 58 வருஷம் போகாத பாதையில் மகன் மூன்றே வருஷத்தில் போய்விட்டார். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நுடெல்லா மாதிரி, முட்டை மாதிரி ஏதாவது புதிதாக வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

---

ஜன்னலோரம்

நுடெல்லா பிஸ்கட் வந்ததே.

---

பழையபேப்பர்

அது பழைய பாட்டிலுக்குப் புதுச் சட்டை அம்மா.

---

தேன்மிட்டாய்

எல்லோருக்கும் பெரிய நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். முட்டையை எடுத்தால் வகுப்பில் சிரிப்பு வரும், ஆனால் அது யாருக்கும் தெரிந்த கதை. அதனால் கோடை நிறுத்தத்தை எடுத்துக்கொள்கிறேன். 34 டிகிரியில் ஆரம்பித்து, அங்கிருந்து பங்குச்சந்தைக்கு ஏன் போகவில்லை என்பதற்குப் போய், வலேரியா வழியாகத் துருக்கியில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். குறுக்குக்கேள்வி கேட்ட கேள்வியை யாராவது கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. அப்பா, சித்தப்பா பங்குக்கு ஒன்றரை நிமிஷம்.

அந்த நாற்பது அட்டைப்பெட்டிக் கதையையும் சொல்லிக்கொள்ளலாமா அண்ணா? கம்பெனி பெயர் எனக்கும் தெரியாது, அதனால் பயமில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். ரோஷேயா, ரோச்சரா?

---

இரவுஷிஃப்ட்

தாராளமாகச் சொல்லுங்கள். முடிந்தால் பூத்த சாக்லெட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், முந்தின நாள் வெயிலில் வைத்து இளகவிட்டு நிழலில் ஆறவிட்டால் போதும். உடனே வெள்ளை படியாவிட்டாலும் பளபளப்பு போயிருக்கும், உடைத்தால் சத்தம் வராது.

ரோஷேதான். வகுப்பில் பாதிப் பேர் ரோச்சர் என்பார்கள், திருத்தப் போய் இருக்கிற பத்து நிமிஷத்தில் இரண்டை விட்டுவிடாதீர்கள்.